கட்-ஆஃப் காட்டாத காடு

மேலூரிலோ உசிலம்பட்டியிலோ பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு வனவியல் படிக்க ஆசை வந்தால், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கலந்தாய்வுக்குத்தான் விண்ணப்பிக்கும். அதன் வனக் கல்லூரி மேட்டுப்பாளையத்தில், மதுரையிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஆக, கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது என்பது பெரும்பாலும் விருப்பப் பட்டியலில் எதை எத்தனையாவதாகப் போடுவது என்பதுதான்.

இந்த முறையின் நியாயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நுழைவுத்தேர்வு கிடையாது, கோச்சிங் சென்டருக்குக் கடன் வாங்க வேண்டாம். பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. கூலி வேலை செய்யும் வீட்டுப் பெண் யார் சிபாரிசும் இல்லாமல் உள்ளே போக முடிவது பெரிய விஷயம்.

கோளாறு பட்டியலை நிரப்பும் பழக்கத்தில் இருக்கிறது. முதலில் வேளாண்மை, அடுத்தது தோட்டக்கலை, இரண்டும் கைவிட்டுப்போனால் வனவியல். நாற்றங்கால், மண், மர அளவீடு, காட்டுயிர், மரத்தொழில் என்று நான்கு ஆண்டுகள் வெயிலில் நடந்து படிக்க வேண்டிய படிப்பு இது. நடக்க மனமில்லாத பிள்ளையைக் கட்-ஆஃப் அடையாளம் காட்டாது. “படித்தால் ஃபாரஸ்ட் ஆபீசர்” என்று வீட்டில் சொல்லும் நம்பிக்கையும் பாதிதான் சரி. இந்திய வனப் பணிக்கான ஐ.எஃப்.எஸ். தேர்வைக் கணிதம், இயற்பியல், பொறியியல் படித்தவர்களும் எழுதலாம். பதவி ஒன்றுக்காக மட்டும் வருபவருக்கு இந்தப் பட்டம் கட்டாயமே இல்லை.

மேட்டுப்பாளையத்தின் பலம் அது இருக்கும் இடம். நீலகிரி அடிவாரம், மேலே ஏறினால் சோலைக்காடு, கீழே இறங்கினால் யானை வழித்தடம். சவுக்கு, மலைவேம்பு போன்ற மரங்களை உழவரின் நிலத்திலிருந்து ஆலை வரை கொண்டுசேர்க்கும் வேளாண்காடு வளர்ப்பிலும் அந்தக் கல்லூரிக்கு நல்ல பெயர் உண்டு. திருச்சூர் வெள்ளானிக்கரையிலும் குடகின் பொன்னம்பேட்டையிலும் உள்ள வனவியல் கல்லூரிகளும் நல்ல இடங்கள்தான். அங்குள்ள அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு க்யூட் என்ற நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். ஆனால் மூன்றுமே மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓரத்தில் இருப்பவை.

மதுரைச் சமவெளியின் கேள்விகள் வேறு. சுவீடன் உதவியோடு 1981-இல் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்பு கண்மாய்களுக்குள் விட்டுச்சென்ற கருவேலத்தை என்ன செய்வது? சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-இல் உத்தரவிட்டபோது, பிடுங்கிய இடத்தில் எதை நடுவது என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல ஆள் இருந்தார்களா? 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியை, டங்ஸ்டன் சுரங்க ஏலத்திலிருந்து மீட்டதே மக்களின் போராட்டம்தான். அங்குள்ள குன்றுகளையும் சுனைகளையும் ஆண்டுக்கணக்கில் அளந்து பதிவுசெய்யவும் படித்தவர்கள் வேண்டும்.

இன்றைக்கு என்னிடம் கேட்டால் மேட்டுப்பாளையத்தையே முதலில் எழுதச் சொல்வேன். ஆனால் வறண்ட நிலக் களப்பணி எத்தனை நாள், எங்கே என்று சேருமுன் சீனியர்களிடம் விசாரிக்கவும் சொல்வேன். அதே பல்கலைக்கழகத்தின் வேளாண் கல்லூரி, 1965-இல் தொடங்கியது, ஒத்தக்கடையில் யானைமலையை ஒட்டி இருக்கிறது. வனவியல் மாணவர்கள் ஒரு செமஸ்டர் அங்கே தங்கி, அழகர்மலையிலும் மேலூர்க் கண்மாய்களிலும் வேலை செய்யப் பாடத்திட்டத்தில் இடம் ஒதுக்கலாம். அதற்குப் புதிதாக ஒரு கல்லூரியைக் கட்ட வேண்டியதில்லை.