ஒப்புதற் பக்கமும் நான்காம் வேற்றுமையும்

திறனாய்வு செய்யுளையும் கதையையுமே பொருளாகக் கொள்ளல் வேண்டும் என்பார் உளர். ஆயினும், நம் மாணாக்கர் கண்ணுற்றும் படியாது கடக்கும் உரைநடையொன்று உண்டு. விண்டோஸ் இயங்குதளம் புதிதாக நிறுவப்படுங்கால் திரையில் தோன்றும் ஒப்புதற் பக்கமே அது. கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலையொன்றின் கணினி அறையில் அதனை யான் முதன்முறை முழுமையாகப் படிக்கலுற்றேன். அருகில் நின்ற மாணவனோ, "அதை வாசிக்கத் தேவையில்லை சேர், கீழ அமத்துங்கோ" என்றான்.

அப்பக்கம் வேண்டுவது யாது? பொறியின் நிலை, பழுது, பயன்பாடு ஆகியன பற்றிய தரவுகளை மைக்ரோசொப்ற் நிறுவனத்துக்கு அனுப்புதற்கு இசைவு. அத்தரவுகள் 'தேவையானவை', 'விருப்பத்துக்குரியவை' என இருவகைப்படும். முன்னர் 'அடிப்படை', 'முழுமை' என வழங்கியவற்றுக்கே பின்னர் இப்பெயர்கள் சூட்டப்பட்டன. 'அடிப்படை' என்பது அளவைக் குறித்தது. 'தேவை' என்பது கடப்பாட்டைக் குறிக்கின்றது.

தமிழில் 'தேவை' என்னுஞ் சொல் நான்காம் வேற்றுமையை அவாவி நிற்பது. யாருக்குத் தேவை என்னும் வினாவுக்கு விடை கிடைக்கும்வரை பொருள் நிரம்பாது. ஆங்கில மூலம் அவ்வுருபுக்கு இடமே வைக்கவில்லை. ஆதலின், பொறி இயங்குதற்குத் தேவை என்றே படிப்போர் கொள்வர். உண்மை அஃதன்று. பெருநிறுவனங்களுக்கும் கல்விநிலையங்களுக்குமென வெளிவரும் பதிப்புகளில் இத் 'தேவையான' தரவுகளையும் நிறுத்திவிடலாம், பொறி இயங்கும். வீட்டுப் பதிப்பை வாங்கியவனுக்கே அவ்வுரிமை இல்லை.

தொல்காப்பியர் ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் இரப்போன் நிலைக்கேற்ப வகுத்தார். இழிந்தோன் கூற்று 'ஈ'. ஒப்போன் கூற்று 'தா'. உயர்ந்தோன் கூற்று 'கொடு'. இப்பக்கத்தின் குரல் ஒப்போனது, செயல் உயர்ந்தோனது.

பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு 2016 இல், விண்டோஸ் 10 அளவுக்கு மிஞ்சித் தரவு திரட்டுவதாக அறிவித்தல் விடுத்தது. அதன்பின் நிறுவனம் 'அடிப்படை' நிலைத் தரவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. பாதியை விடுத்தும் பொறிகள் ஓடின என்பது ஈண்டு நோக்கற்பாலது. முன்னரே தெரிந்து வைக்கப்பட்ட அமைப்பைப் பயன்படுத்துவோர் மாற்றாது விட்டமை ஒப்புதலாகாது என, 2017 ஒக்டோபரில் நெதர்லாந்தின் அதிகாரசபை கூறியது.

பழுதறிக்கைகள் பயனற்றவை என்பது எம் கருத்தன்று; அவற்றாற் பிழைகள் பல திருத்தம் பெறுகின்றன. அனுப்பப்படுவதைப் பயன்படுத்துவோரே பார்க்கும் வசதியும் 2018 முதல் உண்டு. பாராட்டத்தக்கதே. ஆனால் எம் ஆசிரியர் அறையில் அதனை அறிந்தார் ஒருவருமிலர். யானும் அண்மையிலேயே அறிந்தேன்.

வன்னி மக்கள் படிவம் நிரப்பிப் பழகியவர். 2009 இல் செட்டிகுளத்து முகாம்களிற் பெயரும் உறவும் ஊரும் எத்துணை முறை எழுதிக் கொடுத்தோம்! எதற்கு என வினவ அன்று நமக்கு வாயில்லை. ஆயினும், எதிரே ஓர் அலுவலர் அமர்ந்திருந்தார். கொடுக்கின்றோம் என்றாவது அறிந்திருந்தோம். இங்கு அவ்வறிவுமில்லை.

தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாத்தற்கென நம் நாட்டிலும் 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஒப்புதல் என்பது தடையின்றி, விடயமறிந்து, ஐயமற அளிக்கப்படுவது என அது வரையறுக்கின்றது. வேற்றுமொழிப் பக்கத்தை அமத்திக் கடக்கும் சிறுவன் விடயமறிந்தவனா?

அடுத்த நாள் அப்பக்கத்தைத் தமிழாக்குமாறு வகுப்பிற் பணித்தேன். 'தேவையான தரவு' என்றே பெரும்பாலோர் எழுதினர். முன்னாள் அமத்தச் சொன்னவன் மட்டும் 'கம்பனிக்குத் தேவையான தரவு' என எழுதியிருந்தான்.