சேலத்து வக்கீலின் வரலாறும் விடுபட்ட பக்கமும்

கொல்லிமலையில் குண்டனி நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று பதினான்கு நாடுகள் உண்டு. அங்கே நிலத்தகராறாயினும் மணவழக்காயினும் நாட்டுத் தலைவர்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடித் தீர்த்துவைப்பதே பழைய வழக்கம். அம்மலை ஆங்கிலேயரின் சேலம் ஜில்லாவுக்குள் அடங்கியபோது, பெரியவர்களின் தீர்ப்புக்கு மேலாக இன்னொரு தீர்ப்பு வந்தமர்ந்தது. கோர்ட்டு என்பது அதன் பெயர். ஆங்கிலம் அதன் மொழி. அம்மொழியைப் பேச வல்ல வக்கீல், குடிகளுக்கும் சர்க்காருக்கும் நடுவே நின்றார். நின்ற இடமே நாளடைவில் அவரை அரசியல் தலைவராக்கியது. இவ்வாறு எழுந்தவர்களுள் முதல் வரிசையினர் சேலம் சி. விஜயராகவாச்சாரியார்.

1852இல் செங்கற்பட்டுச் சீமையின் பொன்விளைந்த களத்தூரில் பிறந்தவர் அவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, சிறிது காலம் ஆசிரியராயிருந்து, பின்னர் சேலத்தில் வக்கீல் தொழிலை மேற்கொண்டார். 1882இல் நகரசபை உறுப்பினராகவும் ஆனார். அப்போது அவருக்கு வயது முப்பது.

அதே ஆண்டில்தான் சேலம் பற்றி எரிந்தது. பள்ளிவாசலுக்கு முன்னே மேளதாளத்துடன் ஊர்வலம் செல்லும் உரிமை பற்றிய பூசல் முற்றிக் கலகமாக வெடித்தது. பள்ளிவாசல் தகர்க்கப்பட்டது, உயிர்களும் போயின. கலகத்தைத் தூண்டியவர் என்று விஜயராகவாச்சாரியார் மீது குற்றம் சாட்டப்பட்டுப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதனோடு அவர் அடங்கிவிடவில்லை. விளக்கம் கேளாமலே தம்மை நகரசபையிலிருந்து நீக்கியது செல்லாது என்று இந்தியா மந்திரியின் மீதே வழக்குத் தொடுத்தார். 1884இல் அதிலும் வென்றார். ஒருவரைக் கேளாமல் அவர்மீது தீர்ப்புச் செய்யலாகாது என்னும் நெறிக்கு எடுத்துக்காட்டாக அவ்வழக்குச் சட்ட நூல்களில் இடம் பெற்றுவிட்டது.

அவருடைய வாழ்க்கையைத் தமிழில் கூறுவோர் இவ்விடத்தில் செய்வது என்ன? கலகத்தை அவருக்கு நேர்ந்த சோதனை என்கின்றனர். விடுதலையை அவருடைய வெற்றி என்கின்றனர். தென்னாட்டுச் சிங்கம் அன்றுதான் கர்ச்சித்தது என்று முடித்து, காங்கிரசுக்குச் சென்றுவிடுகின்றனர். பள்ளிவாசல் ஒரு சொற்றொடரில் வருகிறது, அடுத்த சொற்றொடரில் மறைகிறது. அங்கே தொழுதவர்கள் எவர், மாண்டவர்கள் எவர், மீந்தவர்கள் எப்படி அதே தெருவில் வாழ்ந்தனர் என்ற பேச்சே கிடையாது. அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களை மீட்கவும் அவர் பாடுபட்டார் என்று புகழ்கின்றனர். நல்லதே. ஆனால் அவர்களுள் பொய்ச் சாட்சியால் சிக்கியவர் எத்தனை பேர், இடித்த மண் கையில் படிந்தவர் எத்தனை பேர் என்று பிரித்துக் காட்ட எவரும் முனைவதில்லை. ஒரு தலைவரின் வரலாற்றுக்கு வாயிற்படியாக மட்டும் ஒரு சமுதாயத்தின் துயரத்தைப் பயன்படுத்துவது, எழுத்தாளருக்கு எளிது; வரலாற்றுக்கு அழகன்று.

நம்மவர் தரப்பிலும் ஒரு குறையுண்டு. அவரைப் பற்றிப் பேச்செழும் சபைகளில், 1931இல் அகோலாவில் கூடிய இந்து மகாசபைக்கு அவர் தலைமை வகித்ததை எடுத்துக்காட்டி, 'அப்படியானால் 1882இலும் அவர்தான் தூண்டியிருப்பார்' என்று முடிவுகட்டுவோர் உளர். நாம் இதனை ஏற்கமாட்டோம். நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் அமர்ந்த நாற்காலி, அவருடைய முப்பதாம் வயதுச் செயலுக்குச் சாட்சியாகாது. விசாரித்த நீதிமன்றம் விடுவித்தது. அவ்விடுதலையை நாம் மதிக்க வேண்டும். அகோலாவை அதற்குரிய ஆண்டில் வைத்து, அங்கே அவர் மேற்கொண்ட அரசியலைக் கடிந்துரைக்க நமக்குத் தடையில்லை. வாழ்க்கை வரலாற்றாசிரியர்களில் பலர் அகோலாவையே விட்டுவிடுகின்றனர் என்பது வேறு கதை.

ஆயினும் விடுதலைத் தீர்ப்பு ஒரு கேள்வியைத் தீர்த்து இன்னொன்றைத் திறந்துவிட்டது. அவர் தூண்டவில்லையென்றால் தூண்டியவர் யார்? இக்கேள்வியைக் கேட்கும் கடமை அவரைப் புகழ்வோர்க்கே முதலில் உண்டு. அவருடைய தூய்மையில் நம்பிக்கையுள்ளவர்கள் அவர்களல்லவா?

எஞ்சிய வாழ்க்கையைச் சுருக்கிக் கூறிவிடலாம். 1895 முதல் ஆறாண்டுகள் சென்னைச் சட்டசபையில் இருந்தார். பருவமெய்திய பின்னரே பெண்களுக்கு மணம் செய்ய வேண்டும் என்றும், தந்தையின் சொத்தில் மகளுக்குப் பங்கு வேண்டும் என்றும் தம் சமூகத்தாரிடம் வாதாடினார். பெண்மக்களின் பங்கை மார்க்கமே வரையறுத்துத் தந்திருக்க, அதனை எழுதி வாங்கிக்கொள்ளும் சில குடும்பங்கள் இதனை ஒருமுறை படிக்கட்டும்.

1920 டிசம்பரில் நாகபுரிக் காங்கிரசுக்கு அவரே தலைவர். கிலாபத்தும் சுயராஜ்யமும் ஒரே மேடையில் நின்ற நாள் அது. ஒத்துழையாமையை எதிர்த்த ஜின்னா கூச்சலுக்கிடையே பேசி, பின் காங்கிரசை விட்டு வெளியேறியதும் அந்தக் கூட்டத்தோடுதான். தலைமை வகித்த சேலத்து வக்கீலுக்கும் கோர்ட்டுகளைத் துறக்கும் திட்டத்தில் முழு உடன்பாடில்லை. சட்டத்தையே படைக்கலமாகக் கொண்டு வளர்ந்த இருவர், சட்டத்தை விட்டு வெளியேறும் கூட்டத்தின் நடுவே நின்றனர். ஒருவர் போனார், ஒருவர் தலைமை நாற்காலியில் இருந்தார். நாகபுரியைப் பற்றி எழுதுவோர் இக்காட்சியில் சற்றே தங்கியிருக்கலாம்.

1944இல் தொண்ணூற்றிரண்டாம் வயதை எட்டும் தறுவாயில் அவர் காலமானார். கொல்லிமலை 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் 1882ஆம் ஆண்டின் காகிதங்களைத் தேடுவோர் சேலத்துக்கும் சென்னைக்குமே செல்ல வேண்டும். சேலத்து ஜமாஅத்துகளின் பழைய பெட்டிகளிலும் வக்ஃபுப் பத்திரங்களிலும் இருப்பவை எவையோ, அவற்றையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் ஒருவர் அடுத்த வரலாற்றை எழுதட்டும்.