எழுதுகிறவன் நிற்கும் இடம்

ஒரு கருவியையோ யந்திரத்தையோ அதைக் கண்டறியாத ஒருவருக்கு வெறும் சொற்களாலேயே காட்டிவிட முயலும் விவரண உரையை, நம்மில் பலர் கணக்குப்பிள்ளையின் வேலைக்கு மேலானதாக மதிப்பதில்லை. ஆயினும் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை ஒரு பக்கத்தில் எழுத முயன்று பார்த்த எவரும் அந்த அலட்சியத்தை அன்றே விட்டுவிடுவர். இந்தக் கலையின் பலத்தையும் பலவீனத்தையும் நிறுத்துப் பார்க்க மன்னார்க் கரையைவிட வசதியான இடம் எனக்குத் தெரியாது. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளில் நடந்த முத்துக்குளிப்பைப் பற்றி அந்நியர் எழுதி வைத்த அளவுக்கு, நம் நாட்டு வேறு கைத்தொழில்களைப் பற்றி அவர்கள் எழுதியிருப்பார்களா என்பது சந்தேகம்.

1803இல் வெளிவந்த ராபர்ட் பெர்சிவல் என்னும் ராணுவ அதிகாரியின் இலங்கை நூலை எடுத்துக்கொள்வோம். கொண்டச்சிக் குடாவின் குளியாட்களைப் பற்றி அவர் எழுதியுள்ள பகுதி இன்று படித்தாலும் தெளிவு குன்றாதது. கூம்பிய வடிவில், மேலும் கீழும் உருண்டையாக்கப்பட்டு, சிறுத்த முனையில் கயிறு நுழையத் துளையிட்ட செங்கருங்கல். அக்கயிற்றை வலக்கால் விரல்களால் பற்றி, இடக்கால் விரல்களில் வலைப்பையை இடுக்கி, வலக்கையால் இன்னொரு கயிற்றைப் பிடித்து, இடக்கையால் மூக்கைப் பொத்தி இறங்கும் மனிதன். அவன் சைகைக் கயிற்றை இழுத்ததும் முதலில் அவனையும் பின்னர் கல்லையும் மேலே வலிக்கும் படகாட்கள். எந்த விரல் எதைப் பிடித்தது என்பதுவரை அவர் விடவில்லை. பாரமும் பையும் கால்களுக்குப் போனதனால்தான் கைகள் இரண்டும் கயிற்றுக்கும் மூக்குக்கும் மிஞ்சின என்பதை அவர் விளக்காவிட்டாலும், உறுப்புகளை அவர் வைத்த வரிசையே நமக்கு அதை உணர்த்திவிடுகிறது. நல்ல விவரணத்தின் லக்ஷணம் இதுவே என்பேன். வரிசை சரியாக அமைந்துவிட்டால் காரணம் தானே வெளிப்படும்.

ஆனால் தண்ணீருக்குள் போனதும் அந்த எழுத்தின் கதி என்னவாயிற்று? பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இயன்றமட்டும் சிப்பி சேர்க்கிறான் என்ற அளவில் அது ஓய்ந்துவிடுகிறது. குளிப்பின் முழுப் பிரயோஜனமும் அடங்கிய அந்தச் சில விநாடிகளில், நூற்கற்றையால் பாரைப் பற்றிக்கொண்டிருக்கும் சிப்பியைப் பறிப்பது எவ்வாறு, அடுத்ததைத் தேடுவது கண்ணா கையா, பை கனக்கத் தொடங்கியதும் உடல் எவ்வாறு சாய்கிறது என்பவற்றில் ஒன்றுக்கும் அங்கே விடையில்லை. அது மட்டுமன்று, கால்விரல்களை அத்தனை கவனமாகப் பார்த்த அதே பேனா, 1797இல் அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவன் முழுதாக ஆறு நிமிஷம் நீருக்குள் இருந்தான் என்று சற்றும் கூசாமல் எழுதுகிறது. பின்வந்தவர்கள் கடிகாரத்தோடு நின்று பார்த்தபோது சாதாரணக் குளிப்பு ஒரு நிமிஷத்தை ஒட்டியே அமைந்தது. ஆனாலும் அந்த ஆறு நிமிஷம் புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குக் குடிபெயர்ந்துகொண்டே இருந்தது. எழுதியவரின் நேர்மையை நான் ஐயுறவில்லை. அவர் நின்ற இடம் படகு. படகிலிருந்து தெரிந்தவை பிரத்தியட்சம், தெரியாதவை கர்ணபரம்பரை. இரண்டையும் ஒரே குரலில் எழுதிவிட்டதுதான் குற்றம்.

நூறு ஆண்டுகள் கழித்து, 1902இல், ஹெர்ட்மன் என்ற பேராசிரியர், ஹோர்னல் என்பவரை உதவியாளராகக் கொண்டு, லேடி ஹாவ்லக் என்ற கப்பலிலிருந்து இந்தப் பார்களைத் துருவி ஆராய்ந்தார். 1903 முதல் 1906 வரை றோயல் சொசைட்டி ஐந்து பாகங்களாக வெளியிட்ட அந்த அறிக்கையில் ஆழமும் அடித்தரையும் உயிரினங்களும் நிரம்பிக் கிடக்கின்றன. கடலடி எழுத்துக்குள் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அங்கே பறித்துக்கொண்டிருந்த கை இப்போதும் வந்து சேரவில்லை.

மறுபக்கம், தொழிலுக்குள் நிற்பவர்களின் விவரணம் எப்படிப்பட்டது? முத்தைத் தரம் பிரிக்க வியாபாரிகள் வைத்திருந்த பித்தளைச் சல்லடைகள் பத்து. எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். துளைகளின் எண்ணிக்கை மட்டும் 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என ஏறிக்கொண்டே போகும். 20இல் தங்குவது பெருமுத்து. துளை கூடக்கூடத் தங்கும் முத்து சிறுக்கும். அங்குலமும் வேண்டாம், நூலளவும் வேண்டாம். கருவியின் பெயரே அதன் விவரணமாகிவிடுகிறது. இத்தனை சிக்கனமான தொழில்நுட்ப மொழியை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் தட்டின் அகலம் இந்த எண்ணில் இல்லை. சல்லடையைக் கையில் வைத்திருப்பவனுக்கு அது தேவையும் இல்லை. சல்லடை தொலைந்த பிறகு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அதை மீண்டும் வார்க்க முயல்பவனோ திகைத்துத்தான் நிற்பான். வெளியே நின்றவர் உள்ளே நடப்பதை விட்டார். உள்ளே நின்றவர் தமக்குப் பழகியதை விட்டார்.

பிறரைக் குறைசொல்வது சுலபம் என்பதைப் பேசாலையில் ஒரு மாலைப்பொழுது எனக்குக் கற்பித்தது. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரின் ஊசியை எழுத முனைந்தேன். சாண் நீளம், தட்டை, ஒருமுனை கூர், நடுவே வெட்டிய இடைவெளியில் ஒரு நாக்கு, மறுமுனையில் பிளவு. நூலை நாக்கில் மாட்டிப் பிளவுக்கு இறக்கி, ஊசியைப் புரட்டி, மறுபுறமாக மறுபடி நாக்குக்கு ஏற்ற வேண்டும் என்று எழுதி, திருப்தியோடு வாசித்தும் காட்டினேன்.

“ஊசியைச் சொல்லிப்போட்டியள் தம்பி, கண்ணைச் சொல்லேல்லையே. கண் சின்னனெண்டா இந்த ஊசி அதுக்குள்ளாலை போகாது” என்றார்.

நூல் ஏன் பந்தாகச் சுற்றப்படாமல் இப்படி இருமுகமாகப் படுக்கிறது என்பதற்கு அந்த ஒரு வாக்கியமே விடை. நூல் நிறைந்த பிறகும் ஊசி வலைக்கண்ணைவிட ஒடுங்கியிருக்க வேண்டும்; நாக்கிலிருந்து ஒரு சுற்றைக் கழற்றினால் ஒரு முடிச்சுக்குப் போதிய நூல் வெளிவர வேண்டும். வடிவத்தைப் பிறப்பித்தது வலைக்கண். நான் அதை விட்டுவிட்டு அங்கங்களுக்கு ஜாபிதா எழுதியிருந்தேன்.

முடிச்சை எழுதுவது அதனினும் வில்லங்கமாயிற்று. மூன்று முறை எழுதி அடித்தேன். வார்த்தை தோற்கும் இடத்தில் வரைபடத்தை நாடுவதில் வெட்கம் எதற்கு? ஹோர்னலும் தம் படகு ஆராய்ச்சிகளில் படங்களை வேண்டிய மட்டும் சேர்த்தவர்தாம். ஆகவே ஒரு தாளில் நூலின் போக்கை வரைந்து, ஓரங்களில் இடம், வலம் என்று குறித்துப் பெரியவரிடம் நீட்டினேன். அவர் சிறிதுநேரம் பார்த்தார். பின்னர் தாளைத் தலைகீழாகத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, “இப்பச் சரி. நீங்கள் எனக்கு எதிர்ப்பக்கம் எல்லோ இருந்தனியள்” என்றார். நான் எழுதிய இடமும் வலமும் கவிழ்ந்து கிடக்க, அவருடைய கை அடுத்த கண்ணுக்குப் போய்விட்டது.