நவீனப் பூம்பாக்ஸ்: அட்டையில் உள்ளதும் காதில் விழுவதும்

எங்கள் கல்லூரி விடுதி மாணவர்கள் சென்ற ஆண்டு ஆளுக்கு இவ்வளவு என்று பணம் திரட்டிப் பூம்பாக்ஸ் ஒன்று வாங்கினார்கள். கைப்பிடி வைத்த பெட்டி, மின்கலத்தில் இயங்குவது, செல்பேசியிலிருந்து கம்பியின்றிப் பாட்டைப் பெற்றுக்கொள்வது. விடுதி நாள் விழாவன்று மைதானத்தின் நடுவில் ஒரு மேசையின்மேல் அதை வைத்துப் பாட விட்டபோது அவர்களுக்குப் பெருத்த ஏமாற்றம். கடையில் நெஞ்சை அதிர வைத்த பெட்டி மைதானத்தில் தகர டப்பாவைப் போல ஒலித்தது. "வாட் போதவில்லை, சார். இதைத் தள்ளிவிட்டு இன்னும் பெரியதாக ஒன்று வாங்கப் போகிறோம்" என்று என்னிடம் வந்தார்கள். விற்பதற்கு முன் பெட்டியைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாமே என்றேன். விசாரித்ததில், குற்றத்தில் ஒரு பங்குதான் பெட்டியைச் சேர்ந்தது என்று தெரிந்தது. இன்னொரு பங்கு அட்டையின்மேல் அச்சிட்டிருந்த எண்களைச் சேர்ந்தது. மிச்சம் நம்மைச் சேர்ந்தது.

இப்பெட்டியின் மூதாதையரை வயதில் மூத்த வாசகர்கள் அறிவார்கள். பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் காசெட்டை அறிமுகப்படுத்தியது. வானொலியையும் காசெட் ரிக்கார்டரையும் ஒரே உறையில் அடக்கிய கருவியையும் அதே கம்பெனி 1966-இல் வெளியிட்டது. 1970-களின் பிற்பகுதியில் ஜப்பானியக் கம்பெனிகளின் கைவண்ணத்தில் அது பெருத்து வளர்ந்து, நியூயார்க் தெருக்களில் இளைஞர்களின் தோளில் ஏறியது. நம் ஊருக்கு 'டூ-இன்-ஒன்' என்ற பெயரில், துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தவர்களின் சாமான்களோடு வந்திறங்கியது. பழைய பெட்டியில் வானொலி இருந்தது, ஒலிப்பதிவு இருந்தது, தீர்ந்தால் மாற்றிக்கொள்ளும் பேட்டரி இருந்தது. புதிய பெட்டிகள் பலவற்றில் இம்மூன்றும் இல்லை. அவற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் புகாத உறையும், பழைய பெட்டி கனவிலும் காணாத கீழ்ச்சுரமும் கிடைத்துள்ளன. இந்த மாற்று லாபமா நஷ்டமா என்பது அவரவர் விருப்பம். வானொலி போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

இனி எண்களுக்கு வருவோம். மாணவர்கள் வாங்கியதைப் பற்றிய விவரங்கள் போதாமையால், விவரங்கள் வெளியிடப்பட்ட வேறொரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஜே.பி.எல். கம்பெனி 2022-இல் வெளியிட்ட 'பூம்பாக்ஸ் 3' 6.7 கிலோ எடையுள்ளது. வீட்டு மின்சாரத்தில் இயங்கும்போது அதன் திறன் 180 வாட். மின்கலத்தில் இயங்கும்போது 136 வாட். மின்கலம் 72.6 வாட்-மணி ஆற்றலைச் சேமிக்கும். ஒரு முறை மின்னேற்றினால் 24 மணி நேரம் வரை பாடும் என்பது அறிவிப்பு.

பள்ளிக் கணக்கு ஒன்று போடுவோம். 72.6 வாட்-மணியை 24 மணியால் வகுத்தால் 3 வாட்! நாள் முழுவதும் பாட வேண்டுமானால் சராசரியாக 3 வாட்டுக்குமேல் செலவழிக்க அதற்கு வழியில்லை. ஓர் இரவு விளக்கின் அளவு. மாறாக, 136 வாட்டை இடைவிடாமல் செலவிட்டால் மின்கலம் அரைமணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். இசை அப்படி இடைவிடாமல் உச்சத்தில் நிற்பதில்லை என்பதும் உண்மை. தாளத்தின் அடி விழும் கணத்தில் மட்டும் உச்சம்; மற்ற நேரங்களில் மிகக் குறைவு. சராசரி உச்சத்தில் பத்தில் ஒரு பங்கு எனக் கொண்டால் முழு ஒலியில் 5 மணி நேரம் பாடலாம். ஆக, 24 மணி என்பதும் பொய்யன்று, 136 வாட் என்பதும் பொய்யன்று; ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் மெய்யாவதில்லை. அட்டையைப் படிப்பவரோ இரண்டையும் சேர்த்தே மனத்தில் வாங்கிக்கொள்கிறார். 1990-களில் 'பி.எம்.பி.ஓ.' என்ற நான்கெழுத்தைப் போட்டுக் கையளவு பெட்டியை ஆயிரம் வாட் என்று விற்ற கடைவீதிகளை நினைத்தால் இன்றைய அட்டைகள் எவ்வளவோ யோக்கியமானவை. எனினும் யோக்கியமான எண்ணும் தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம்.

ஏனெனில் நம் காது வாட்டை எண்ணுவதில்லை. திறன் இரு மடங்கானால் ஒலிமட்டம் 3 டெசிபல் கூடும். 'சற்றுக் கூடியிருக்கிறது' என்று சொல்லலாம், அவ்வளவுதான். இரு மடங்கு உரத்துக் கேட்பதாகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். மேற்சொன்ன பெட்டியை மின்சாரத்தில் செருகி 136 வாட்டை 180 ஆக்கினால் கிடைப்பது 1.2 டெசிபல். அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக் கண்டுபிடிப்பது கடினம். இதே கணக்கின் மறுபக்கம் இனிமையானது: இரவு விளக்கின் 3 வாட்டே ஓர் அறைக்குப் போதுமானது.

அப்படியானால் கடையில் அதிர்ந்த பெட்டி மைதானத்தில் ஏன் சோர்ந்தது? மாணவர்களின் புதிருக்கு இரண்டு விடைகள் உள்ளன. ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது, மற்றொன்று வெளியில்.

கீழ்ச்சுரம் எழுப்புவது கடினமான வேலை. 80 ஹெர்ட்ஸில் எழுப்பும் அதே ஒலிமட்டத்தை 40 ஹெர்ட்ஸில் எழுப்ப, ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். சிறிய பெட்டியில் சிறிய கூம்பு. அது அசையும் தூரத்துக்கு எல்லை உண்டு. இதற்கு உதவியாகத்தான் பெட்டியின் பக்கங்களில் மின்சுருள் இல்லாத கூம்புகளைப் பொருத்துகிறார்கள். அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. கம்பெனியின் ஹாரி ஆல்சன் 1930-களிலேயே வகுத்த உத்தி இது. உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தத்தால் அவை தாமாகவே அசைந்து கீழ்ச்சுரத்துக்கு வலுவூட்டுகின்றன. பாட்டு நடக்கும்போது பக்கங்கள் படபடவென்று துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிறிய உடலில் பெரிய குரல் வரவழைக்கும் இந்த வித்தையைப் பாராட்டவே வேண்டும். அந்தப் பக்கங்களைச் சுவரோடு ஒட்டி அழுத்துவதும், துணியால் மூடுவதும் அதன் மூக்கைப் பொத்துவதற்குச் சமம். ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள்.

ஆனால் எல்லை எல்லைதான். ஒலியை மேலும் மேலும் கூட்டும்போது, கூம்பு கிழிந்துவிடாமல் காக்க, உள்ளிருக்கும் மின்சுற்று கீழ்ச்சுரத்தை மட்டும் ஓசைப்படாமல் குறைத்துவிடுகிறது. குறைந்த ஒலியில் இதற்கு நேர்மாறு. மெல்லிய ஒலியில் நம் காது கீழ்ச்சுரங்களுக்கு மந்தமானது என்பதை பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெச்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டினார்கள். அதை ஈடுகட்ட, மெதுவாகப் பாடும்போது பெட்டி கீழ்ச்சுரத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. கடைக்காரர் நடுத்தர ஒலியில் பாட வைத்ததால் பெட்டி தன் முழு அழகையும் காட்டியது. மாணவர்கள் கடைசிப் புள்ளி வரை ஏற்றினார்கள். அங்கே பெட்டி தன்னைக் காத்துக்கொள்ளும் வேலையில் இறங்கிவிட்டது. இந்த வகைப் பெட்டிகளின்மேல் என் முதன்மையான குறை இதுதான். 'இவ்வளவு ஹெர்ட்ஸ் வரை இறங்கும்' என்று பெருமையாக அச்சிடுகிறார்கள். எந்த ஒலியளவில் என்று கேட்டால் பல அட்டைகளில் பதில் இல்லை. முழு ஒலியில் எவ்வளவு இறங்கும் என்று ஒரு வரி சேர்த்தால் வாங்குபவர் ஏமாறமாட்டார். மூன்றில் இரண்டு பங்குக்குமேல் ஒலியை ஏற்றாமல் பழகுவது நல்லது. செல்பேசியிலுள்ள சமனாக்கியில் கீழ்ச்சுரத்தை மேலும் உயர்த்துவது, ஏற்கெனவே மூச்சு வாங்குபவனை ஓடச் சொல்வதாகும்.

வெளியிலுள்ள விடை சுவர். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நான்கு மீட்டருக்கு மேல். இவ்வளவு நீண்ட அலை பெட்டியின் முன்பக்கம் மட்டும் செல்வதில்லை, எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. பெட்டிக்குப் பின்னால் அருகிலேயே திண்மையான சுவர் இருந்தால், பின்னால் போகும் பங்கும் முன்னால் திரும்பி வந்து சேர்ந்துகொள்கிறது. அழுத்தம் இரு மடங்காகி, கீழ்ச்சுரம் 6 டெசிபல் வரை கூடுகிறது. நான்கு மடங்கு வாட்டுக்கு இது சமம், விலையோ சூன்யம்! மைதானத்தின் நடுவில் இந்த உதவி இல்லை. போதாததற்கு, திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்தோறும் 6 டெசிபல் இழப்பு. 2 மீட்டரில் கேட்பதைவிட 16 மீட்டரில் 18 டெசிபல் குறைவு. அதைச் சரிக்கட்ட 64 மடங்கு திறன் வேண்டும். எந்தப் பெரிய பெட்டியாலும் இது ஆகாது. நாற்காலிகளை முன்னால் நகர்த்தினால் ஆகும்.

ஒரு மாலை மாணவர்களோடு சேர்ந்து இதைச் செய்து பார்த்தோம். விடுதியின் இரு சுவர்கள் சேரும் மூலையில், சிமெண்டுத் தரையில் பெட்டியை வைத்தோம். ஒலியை மூன்றில் இரண்டாகக் குறைத்தோம். போன கீழ்ச்சுரம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் பாடகரின் குரல் மங்கியது. மேல் அதிர்வெண்களின் கதை வேறு: 10,000 ஹெர்ட்ஸின் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டர்தான். அது டார்ச் ஒளியைப் போலக் குறுகிய கற்றையாக நேரே செல்வது. தரையில் கிடந்த பெட்டி எங்கள் முழங்கால்களுக்குப் பாடிக்கொண்டிருந்தது! முன்பக்க விளிம்புக்கு அடியில் ஒரு செங்கல் கொடுத்து, முகம் எங்கள் காதுகளை நோக்கும்படி நிமிர்த்தியதும் குரல் தெளிந்தது.

இதே மூலை வீட்டுக்குள் விஷம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்தடி அறையில் எதிர்ச் சுவர்களுக்கிடையே 56 ஹெர்ட்ஸ் அளவில் நிலை அலை எழும். மூலையில் வைத்த பெட்டி அதை நன்றாகத் தூண்டிவிடும். சுவரோரம் அமர்ந்தவருக்குக் கீழ்ச்சுரம் காதை அடைக்கும். அறையின் நடுவில் நிற்பவருக்கு அது இருக்குமிடமே தெரியாது. சோதிக்க விரும்பும் மாணவர்கள் செல்பேசியில் தொனி எழுப்பும் செயலி ஒன்றால் 50 முதல் 70 ஹெர்ட்ஸ் வரை மெல்லிய ஒலியில் எழுப்பிக்கொண்டு அறைக்குள் நடந்து பாருங்கள். ஒலி ஏறி இறங்குவதைக் காதே சொல்லும்.

கர்நாடக இசை கேட்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். மிருதங்கத்தின் மேற்சுரங்கள் தந்தி வாத்தியத்தைப் போல ஒழுங்கான விகிதத்தில் அமைந்துள்ளன என்பதைச் சர் சி. வி. ராமன், சிவகாளி குமாரோடு சேர்ந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். வலந்தலையின் நடுவிலுள்ள கரும்பூச்சு செய்யும் வேலை அது. அந்த நுட்பம் பாடகரின் ஆதார சுருதியையும் அதற்கு மேற்பட்ட பகுதியையும் சார்ந்தது. எந்த நல்ல பெட்டியும் அதைத் தரும். சிக்கல் இடப்பக்கத் தொப்பியில்தான். சுமார் 130 ஹெர்ட்ஸ் சுருதியில் பாடும் ஆண் பாடகருக்கு, தொப்பி ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே, 65 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலிக்கும். அறையின் நிலை அலையும் பெட்டியின் செயற்கை ஊட்டமும் அதே இடத்தில் கூடினால், வித்துவான் கொடுக்கும் நெளிவு சுளிவெல்லாம் ஒரே 'பூம்' ஆகிவிடும். பெட்டியை மூலையிலிருந்து இரண்டு மூன்றடி வெளியே இழுத்து, காதின் உயரத்துக்கு உயர்த்தினால் தொப்பி மீண்டும் பேசும். பீரோவின்மேல் மட்டும் வைக்க வேண்டாம். அதன் தகரக் கதவும் கச்சேரியில் சேர்ந்துகொள்ளும்.

கம்பியில்லா இணைப்பின் தரத்தைப் பற்றிக் கடைகளில் நடக்கும் வாதங்கள் இந்த அளவுப் பெட்டிக்கு அவசியமற்றவை என்பது என் கருத்து. பாட்டுச் செயலியில் தரம் 'குறைவு' என்று இருந்தால் அதை 'உயர்வு' ஆக்குங்கள், போதும்.

கடைசியாக ஸ்டீரியோ. இதில் பெட்டியை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. இடமும் வலமும் பிரிந்து கேட்க, இரு ஒலிபெருக்கிகளும் கேட்பவரிடத்தில் ஏறத்தாழ 60 பாகைக் கோணம் அமைக்க வேண்டும். ஒரே பெட்டிக்குள் 40 சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பவை 3 மீட்டர் தொலைவில் அமைப்பது 8 பாகை கூட இல்லை. 60 பாகை வேண்டுமானால் பெட்டியிலிருந்து 35 சென்டிமீட்டரில் மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அட்டையில் 'ஸ்டீரியோ' என்று போட்டிருப்பதற்கு நடைமுறையில் அவ்வளவுதான் பொருள். 1980-களின் டூ-இன்-ஒன்களில் சிலவற்றில் இரு ஒலிபெருக்கிகளையும் கழற்றித் தள்ளி வைக்க முடிந்தது. அந்த நல்ல யோசனையை இன்றைய வடிவமைப்பாளர்கள் கைவிட்டுவிட்டு, அதே வேலைக்கு இரண்டாவது பெட்டியை வாங்கச் சொல்கிறார்கள். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டைச் செல்பேசி மூலம் ஜோடி சேர்த்து, இரண்டு மீட்டர் இடைவெளியில் வைத்துக் கேட்டால், பழைய திரைப்பாடல்களில் வயலின் கூட்டம் ஒரு பக்கமும் கிட்டார் மறுபக்கமுமாகப் பிரிந்து நிற்பது தெரியும். ஒரு பெரிய பெட்டியால் இதைச் செய்ய முடியாது.

விடுதி மாணவர்கள் இப்போது மீண்டும் பணம் திரட்டுகிறார்கள். பெரியதற்காக அன்று, முதல் பெட்டியைப் போன்ற இன்னொன்றுக்காக. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்குமேல் 45 டெசிபல்தான் அனுமதி என்பதை விடுதிக் காப்பாளர் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிவிட்டார். ஒலி குறைந்தால் கீழ்ச்சுரத்தைப் பெட்டியே ஊட்டிக்கொள்ளும் என்று அதன் கீழே யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்.