கேம்ப், லாக்கப், கோர்ட்: கொங்கு மண்ணின் இரண்டு பிரதிகள்

பவானி வழக்கறிஞர் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004), கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ (2006). இந்த இரண்டையும் ‘வெறும் ஆவணம்’ என்று இலக்கியப் பெருமக்கள் ஓரங்கட்டுவதைப் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். கலை கம்மியாம், அடி உதை ஜாஸ்தியாம். நான் திருப்பிக் கேட்கிறேன்: வேறு ஆவணம் எங்கே இருக்கிறது, காட்டுங்க பார்ப்போம்.

வீரப்பன் தேடுதல் வேட்டையில் சத்தியமங்கலம், மாதேஸ்வரன் மலைப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆண்களையும் பெண்களையும் அதிரடிப்படை அள்ளிக்கொண்டு போனது. ‘ஒர்க் ஷாப்’ என்று பேர் வைத்த வதைக்கூடத்தில் அடைத்தது. எந்தப் பதிவேட்டிலும் பேர் ஏறாமல் கிடந்தவர்கள் எத்தனையோ பேர். அப்புறம் தடா. மைசூர் தடா நீதிமன்ற வழக்கில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வருசக்கணக்கில் விசாரணைக் கைதிகளாகக் கிடந்தார்கள். 2001-இல் தீர்ப்பு வந்தபோது பெரும்பாலோர் விடுதலை. போன வருசங்களை யார் திருப்பித் தருவது? சதாசிவா குழுவின் விசாரணைக்குப் பிறகு 2007-இல்தான் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

மூடிய அறைக்குள் விசாரணை நடத்த இடம் கொடுத்தது தடாவின் 16-ஆம் பிரிவு. பூந்தமல்லியில் ராஜீவ் கொலை வழக்கு அப்படித்தான் நடந்தது. 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை வெளியே விட்டது. அத்தனை வருசமும் கதவுக்கு வெளியே நின்ற ஜனங்களுக்கு உள்ளே நடந்தது தெரியாது.

இந்த இடத்தில் வைத்துத்தான் மாதியை வாசிக்க வேண்டும். கேம்பில் அவளுக்கு நடந்ததைப் பாலமுருகன் உவமை போட்டு மூடவில்லை. நாவலின் முதல் பாதியில் காட்டு வாழ்க்கையை வியந்து பார்க்கும் வெளியாள் கண் ஒன்று தெரிகிறது. அது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கேம்புக்குள் நுழைந்ததும் அந்த வியப்பு செத்துப்போகிறது. அரசு எழுத மறுத்த பதிவேட்டை நாவல் எழுதுகிறது.

‘லாக்கப்’ வேறு வகை. 1983-இல் குண்டூரில் பிழைக்கப்போன தமிழ்க் கூலிகள். அடித்து ஒப்புக்கொள்ள வைப்பதோடு கதை முடியவில்லை. ஜெயிலில் மாதக்கணக்கில் காத்துக்கிடந்ததும் இருக்கிறது. வெற்றிமாறனின் ‘விசாரணை’ வெனிஸ் வரை போனது. நல்ல படம்தான். ஆனால் அது அந்தக் காத்திருப்பைத் தூக்கி எறிந்துவிட்டது. தமிழ் போலீஸ்காரர் ஒருவர் கோர்ட்டில் மொழிபெயர்த்துச் சொல்ல, விடுதலை உடனே வருகிறது. பின்பாதியில் ஆடிட்டரும் போலீஸ் மேலிடமும் கதையைப் பிடித்துக்கொள்ள, கூலிகள் சாகக் கொடுக்கும் சாட்சிகளாகச் சுருங்கிப் போகிறார்கள். என்கவுண்டரைத் திரையில் காட்டலாம். வாய்தா மேல் வாய்தாவை எப்படிக் காட்டுவது? ஏழைக்குத் தண்டனை அந்த வாய்தாதானே!

கோவைக்காரர்களுக்கு இது தெரியாத சங்கதி அல்ல. 58 பேர் செத்த 1998 குண்டுவெடிப்பு வழக்கில் அப்துல் நாசர் மதானி ஒன்பது வருசத்துக்கு மேல் விசாரணைக் கைதி. ஒரு காலை இழந்தவர். ஜாமீன் இல்லை. 2007 ஆகஸ்டில் விடுதலை. செத்தவர்களுக்கு நீதி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தண்டனை சொல்லுமுன்பே ஒருவரை ஒன்பது வருசம் அடைத்துவைப்பது எவருக்குச் செய்த நீதி? ‘விசாரணை’க்குக் கைதட்டிய ஊர் இதைப் பேசுவதில்லை.

2022 கணக்கின்படி இந்தியச் சிறைகளில் நூற்றுக்கு 75 பேர் தீர்ப்பு வராதவர்கள். சிறைப் பதிவேட்டின் சாதிக் கட்டத்தை அழிக்கச் சொல்லி 2024 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கில் பாளையங்கோட்டைச் சிறையின் சாதிப் பிரிவினையும் பேசப்பட்டது. பேரை மறந்தாலும் சாதியை மறக்காத பதிவேடு!

தோழர்களே, நம் சேரிகளில் ஜெயிலுக்குப் போய்வராத தெரு குறைவு. அவர்கள் சொல்வதை எழுதி வாங்குங்கள். தேதி, ஸ்டேஷன், வாய்தா எண்ணிக்கை எல்லாம் சேர்த்து எழுதுங்கள். கலை கம்மி என்று சொல்பவர்கள் சொல்லிக்கொண்டிருக்கட்டும்.