பென்சிலில் எழுதிய போர்க்காலம்
1861 முதல் 1865 வரை அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் பொருத உள்நாட்டுப் போரில், ஏரை விட்டுத் துப்பாக்கி ஏந்திய குடியானவர்கள் சட்டைப்பையில் சுமந்து திரிந்த சின்னஞ்சிறு நாட்குறிப்புகளைப் போல என் சிந்தையைக் கவர்ந்த எழுத்துகள் மிகச் சில. வியர்வையும் மழையும் பட்டு ஓரங்கள் மிருதுவான அந்தத் தாள்களில், பென்சில் கோடுகள் மங்கிய வெள்ளியாய் மின்ன, அநேகமாக வானிலையே முதலில் வரும். மழையா, பனியா என்று உழவனுக்கே உரிய பார்வையோடு குறித்த பிறகுதான் நடந்த தூரமும் பீரங்கி முழக்கமும் மாண்ட தோழனும் இடம்பெறும்.

வீட்டுக்கு எழுதிய கடிதங்களோ இன்னும் ரசமானவை. காகிதம் அரிதாகும்போது, பக்கம் நிறைந்ததும் தாளைக் குறுக்கே திருப்பி, முன்னெழுதிய வரிகளின் மேலேயே ஊடும் பாவும் போல மறுபடி எழுதிச் செல்வார்கள். நிதானமாகப் படித்தால் இரண்டும் தெளிவாகவே பிரிகின்றன. முழங்காலே மேஜையாக அமர்ந்து எழுதியவர்களில் பலர், படிப்பு சொற்பமாதலால், காதில் விழுந்தபடியே எழுத்துக் கூட்டினார்கள். ஆகவே வாய்விட்டு வாசித்தால் அவர்களுடைய ஊர்ப் பேச்சே ஒலிக்கிறது. தளபதிகளின் கம்பீரமான நினைவு நூல்களைவிட, மக்காச்சோளம் முளைத்ததா, எந்தப் பசுவை விற்பது, குதிரைக்குட்டி எவ்வளவு வளர்ந்தது என்று மனைவியை விசாரிக்கும் இவ்வரிகளையே நான் பிரியத்தோடு திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.