குருவிச் சத்தத்தில் தெரியும் தட்டின் தரம்

பழைய இசைத்தட்டுக் கடைகளில் பச்சை அட்டை ஒன்று அடிக்கடி கண்ணில் படும். முகப்பில் ஓவியம் கிடையாது, ஆள் முகம் கிடையாது. ஒரே பச்சை, மெல்ல மெல்லச் சாயல் மாறி இருட்டுக்குள் கரைகிறது. அதன்மேல் கொடிபோலப் பின்னிக்கிடக்கும் மூன்று எழுத்துகள். இங்கிலாந்தின் ‘யெஸ்’ குழு 1972 செப்டம்பரில் வெளியிட்ட ‘குளோஸ் டு தி எட்ஜ்’ அது. அட்டையை விரித்தால்தான் ரோஜர் டீனின் ஓவியம் வெளிப்படும்: உயரத்தில் தளும்பி நிற்கும் ஏரி, விளிம்பெங்கும் அருவியாக வழிந்தும் வற்றாத தண்ணீர்.

மூன்று நிமிடப் பாட்டு போதாது என்று நினைத்த ஒரு தலைமுறையின் இசை புரோகிரசிவ் ராக். ராக் இசையின் வேகத்தை வைத்துக்கொண்டே மேற்கத்திய செவ்வியல் இசையின் நீளத்தையும் கட்டமைப்பையும் அவர்கள் தேடினார்கள். அந்தத் தேடல் முழுமையாகக் கைகூடிய இடம் இந்தத் தட்டுதான். முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 18 நிமிடம் 43 விநாடி. இரண்டாம் பக்கத்தில் இரண்டே பாட்டுகள். எல்பி தட்டின் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய இசை அதிகமில்லை. அதனால் இதைத் தட்டிலேயே கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

பழைய பிரதி என்றால் கீறல் பயம் வரும். கடையில் போட்டுக் காட்டுவார்கள் என்றால், ஊசியை முதல் பக்கத்தின் தொடக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு வாத்தியம் எதுவும் முன்னுக்கு வராது. தண்ணீர் ஓடும் சத்தம், குருவிச் சத்தம், சிறு மணிகளின் கிணுகிணுப்பு, அடியிலிருந்து மெதுவாக ஏறிவரும் ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். தட்டில் குறை இருந்தால் இங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை. எல்பி நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்கும் சற்றுக் கூடுதலாகச் சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ‘டிக்’ என்ற ஒலி அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், தட்டின் குறுக்கே கீறல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அது போகாது. ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொரிந்தால் பெரும்பாலும் தூசி; கழுவினால் போய்விடும்.

அடுத்து, பக்கத்தின் கடைசி இரண்டு நிமிடம். தட்டின் வெளிவட்டத்தில் ஊசிக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் தடம் ஓடுகிறது. நடுவை நெருங்கும்போது அது 20 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். அதே இசையைக் குறைந்த நீளத்தில் நெருக்கிச் செதுக்கியிருப்பதால், முன்பு யாரோ தேய்ந்த ஊசி வைத்து ஓட்டியிருந்தால் சேதம் முதலில் அங்கேதான் தெரியும். இந்தப் பாட்டின் உச்சக்கட்டமோ சரியாக அந்த இடத்தில் வருகிறது. குரல்களில் ‘ஸ’ ஒலி மண்ணை மென்றதுபோல் கரகரத்தால் அந்தப் பிரதியை வைத்துவிடுங்கள்.

போட்டுக் கேட்க வழியில்லையா? தட்டை வெளிச்சத்தில் சாய்த்து, கீறல் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு நடுத் துளையைச் சுற்றியுள்ள லேபிளைப் பாருங்கள். தட்டை வைக்கும்போது துளை கிடைக்காமல் தடவித் தடவி விழுந்த மெல்லிய கோடுகள் அங்கே இருக்கும். அந்தத் தட்டு எத்தனை முறை ஓடியிருக்கும் என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி இல்லை.

இனி வீட்டில் கேட்பது. குருவிச் சத்தம் முடிந்ததும் குழுவின் வாத்தியங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பாய்கின்றன. முதல் தடவை கேட்பவருக்கு ஆளுக்கொரு பாட்டு வாசிப்பதுபோலத்தான் இருக்கும். நடுநடுவே எல்லாம் சட்டென்று அறுந்து குரல்கள் மட்டும் ‘ஆ’ என்று ஒலித்து நிற்கும். அந்தக் கூட்டத்தில் எதைப் பிடிப்பது? கிறிஸ் ஸ்குவயரின் பேஸ் கிட்டாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் நின்று தாங்கும் பேஸ் இல்லை இது. முன்னால் வந்து பேசும். அதன் கையைப் பிடித்துக்கொண்டே போனால் ஸ்டீவ் ஹோவின் கிட்டாரும் பில் ப்ரூஃபோர்டின் டிரம்ஸும் தத்தம் இடத்தில் வந்து உட்காரும்.

பாட்டு நான்கு பகுதிகளாக அமைந்தது. முதல் பகுதியில் ஜான் ஆண்டர்சன் பாடும் மெட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பகுதியிலும் அதே மெட்டுதான், ஆனால் அடியில் பேஸும் டிரம்ஸும் நடையை மாற்றிவிடுகின்றன. மேலே மெட்டு மாறாமல் இருக்க, காலடியில் தரை நகர்வதுபோன்ற அந்த உணர்வுதான் இந்தக் குழுவின் பெரிய கலை. மூன்றாம் பகுதியில் தாளமெல்லாம் அடங்கி, குரல்களே ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. அந்த அமைதியின் மேல் ரிக் வேக்மன் தேவாலய ஆர்கனைத் திறந்துவிடுகிறார். லண்டனில் கவிஞர் மில்டன் அடக்கம் செய்யப்பட்ட செயின்ட் ஜைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்தில் பதிவு செய்த ஆர்கன் அது. ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டால் இந்த இடம் வீணாகிவிடும்.

வரிகளின் பொருளைத் துரத்த வேண்டாம். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ நாவல் ஆண்டர்சனுக்குத் தூண்டுதலாக இருந்தது என்பதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். திருலோக சீதாராமின் தமிழாக்கத்தில் அதைப் படித்தவர்களுக்கு, ஆற்றங்கரையில் அமர்ந்து ஆற்றையே குருவாகக் கொண்டவன் நினைவுக்கு வருவான். பாட்டு தண்ணீரில் தொடங்கித் தண்ணீரிலேயே முடிவதும் அப்போது விளங்கும்.

இவ்வளவு பெரிய பாட்டை அவர்கள் ஒரே மூச்சில் வாசிக்கவில்லை. அட்விஷன் ஸ்டுடியோவில் துண்டு துண்டாகப் பதிவுசெய்து, ஒலிப்பதிவாளர் எடி ஆஃபர்டு நாடாவை வெட்டி ஒட்டிக் கோத்தார். மேடையில் வாசிக்க, தங்கள் பாட்டைத் தாங்களே முழுதாகப் பயில வேண்டியிருந்தது. ப்ரூஃபோர்டு அதற்குக் காத்திருக்கவில்லை. தட்டு கடைக்கு வரும் முன்பே கிங் கிரிம்சன் குழுவுக்குப் போய்விட்டார்.

இரண்டாம் பக்கத்தை உடனே திருப்பிப் போட வேண்டாம். ஐந்து நிமிடம் விடுங்கள். ‘அண்ட் யூ அண்ட் ஐ’ பன்னிரண்டு தந்தி கிட்டாரின் மணியொலியில் மெதுவாக விரியும். ‘சைபீரியன் காத்ரு’ துள்ளிக்கொண்டு வரும். அதில் ஹோவின் சித்தார் கிட்டாரை அடுத்து வேக்மனின் ஹார்ப்சிகார்டு வரும் இடத்தைத் தவறவிடாதீர்கள்.

இது அரிய தட்டு அல்ல. பிரிட்டனில் நான்காம் இடத்தையும் அமெரிக்காவில் மூன்றாம் இடத்தையும் எட்டிய ஆல்பம் என்பதால் அந்தக் காலப் பிரதிகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் பதிப்பின் எண் கே 50012, அமெரிக்கப் பதிப்பு எஸ்டி 7244. பளபளக்கும் அட்டைக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். ஓரம் கிழிந்திருக்கட்டும், முன்பு வைத்திருந்தவர் பேனாவால் பெயர் எழுதியிருக்கட்டும். முதல் நிமிடத்தில் குருவிகள் தெளிவாகக் கேட்டால் வாங்கிவிடுங்கள்.